இரண்டு சாவி சைக்கிள்

மார்ச் 3, செவ்வாய்

சைக்கிள் வந்துவிட்டது. கத்தரிப்பூ நிறம். ஐம்பத்திரண்டு வயதில் என் பெயருக்கு ரசீது போட்டு வாங்கிய முதல் வண்டி. பல்செட்டு செய்யும் லேபில் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் அளவு பார்த்திருக்கிறேன். எனக்கென்று அளவு பார்த்து வாங்கியது இதுதான். கடைக்காரர் சீட்டை என் உயரத்துக்கு இறக்கிவிட்டு, "கால் தரையில படுதாக்கா?" என்று கேட்டார். பட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது லேபின் வரவேற்பில் இருக்கும் பெண். மதிய இடைவேளையில், பின்பக்கச் சந்தில். முழங்கை தேய்ந்தபோது கதவு இடித்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

இவர் கீழே இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். போன வருடம் ஓய்வு பெறும்வரை வங்கியில் லாக்கர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும், அது எப்படித் திருடு போகும் என்பதுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

"அழகா இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதான் பயமா இருக்கு" என்றார்.

மார்ச் 4, புதன்

செயின் பூட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். தூக்கிப் பார்த்தேன். கைக்குழந்தை கனம்.

மார்ச் 7, சனி

இரண்டாவது பூட்டும் வந்துவிட்டது. இது முன்சக்கரத்துக்கு, செயின் பின்சக்கரத்துக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தார்.

பிறகு மேஜைக்கு எதிரே என்னை உட்காரவைத்து விதிமுறை சொன்னார். லாக்கரில் வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கி சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். "ஒரு சாவி தொலைஞ்சாலும் பொருள் பத்திரம். உலகம் பூரா இதான் முறை." முன்சக்கரச் சாவியை என்னிடம் கொடுத்தார். பின்சக்கரச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அப்படியானால் வாடிக்கையாளர் நான்தானா என்று கேட்டேன். "வேற யாரு?" என்றார், பெருமையாக.

மார்ச் 10, செவ்வாய்

காலை ஏழரைக்குக் கிளம்பவேண்டும். இவர் குளியலறையில். சாவி அவருடைய பாக்கெட்டில். சட்டையை எடுத்துத் துழாவியிருக்கலாம்தான், ஆனால் சாவியைச் சட்டையோடு உள்ளே கொண்டுபோயிருக்கிறார். கதவைத் தட்டினேன். "வங்கி ஒன்பதரைக்குத்தான் திறக்கும்" என்று உள்ளிருந்து ஒரு நகைச்சுவை.

பஸ்ஸில் போனேன். வரவேற்புப் பெண் கேட்டாள், "எங்கக்கா சைக்கிள்?"

"லாக்கர்ல இருக்கு."

மார்ச் 12, வியாழன்

இப்போது அலாரம். சீட்டுக்கு அடியில் சோப்புப்பெட்டி அளவில் ஒன்றைத் திருகிவைத்திருக்கிறார். யாராவது வண்டியை அசைத்தால் கத்தும். நிறுத்தும் ரிமோட்? கேட்கவே வேண்டாம். பாக்கெட்.

மாலைக்குள் அது கத்தியது மூன்று காரணங்களுக்காக: ஒரு பூனை, கொஞ்சம் காற்று, மேல்வீட்டு வக்கீலம்மா கார்க்கதவை அடித்துச் சாத்தியது. ஒவ்வொரு தடவையும் இவர் செருப்புகூடப் போடாமல் மாடிப்படியில் ஓடுகிறார். இந்த முழங்காலுக்குத்தான் இவ்வளவு நாளாக எண்ணெய் தேய்த்துவிட்டேனா?

மார்ச் 13, வெள்ளி

வக்கீலம்மா படியில் என்னை மறித்து, "இன்னொரு தடவை கத்துச்சுன்னா நானே திருடிட்டுப் போயிடுவேன், பார்த்துக்கங்க" என்றார். சட்டம் படித்தவர் சொல்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

ரொம்பக் கோபமாக இருக்கிறேன்.

இன்று காலை லேபில் இருப்பவர்கள் நாலு பேர் ஏரிவரை சைக்கிளில் போவதாக ஏற்பாடு. ஒரு வாரமாகக் காத்திருந்தேன். இவர் செயினைத் திறந்தார். திறந்துவிட்டு, "ஏரிப் பக்கம் எங்க நிறுத்துவ? கம்பம் இருக்கா? கம்பத்துக்கு அடியில சிமெண்ட் போட்டிருக்கா?" என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும்? போய்ப் பார்த்தால்தானே தெரியும்! "அப்ப முதல்ல நான் பஸ்ல போய்ப் பார்த்துட்டு வரேன், அடுத்த வாரம் நீ போ" என்று சொல்லிக்கொண்டே மறுபடி பூட்டிவிட்டார்.

நானும் பேசாமல் நின்றேனே. அதுதான் ஆத்திரம். வாயில்லாப் பூச்சியா நான்?

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. திருடன் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு சைக்கிள் இல்லாமல் போயிருக்கும். இப்போது மட்டும் இருக்கிறதாக்கும்!

மார்ச் 17, செவ்வாய்

மகளிடம் போனில் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அம்மா, அப்பாவைத் தேடி இப்ப யாராவது வராங்களா?" என்று கேட்டாள்.

நினைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் காலையிலிருந்து ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இவர் சாவியைப் போட்டால்தான் யாருடைய நகையும் வெளியே வரும். கடைசி நாளன்று சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்தவர், சாப்பிடும்போதுகூடப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். இப்போது அவரைத் தேடி வருகிற ஒரே வாடிக்கையாளர் நான்.

பாவம்தான். மனசு கேட்கவில்லை. ஆனால் அதற்கு என் சைக்கிள்தானா கிடைத்தது?

மார்ச் 20, வெள்ளி

அலாரம் கத்தியது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் காதில் பஞ்சு.

மார்ச் 21, சனி

இவர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், திங்கள்தான் வருவார். சாவியை வைத்துவிட்டுப் போங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். "ரெண்டு சாவியும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாதும்மா, அது முறையில்ல" என்று சொல்லி ஆட்டோவில் ஏறிவிட்டார்.

நாளை மறுபடியும் ஏரி. வரவேற்புப் பெண் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "லாக்கர் ஞாயிறு லீவாக்கா?"

லேபில் உலோகம் அறுக்கும் சின்ன மிஷின் ஒன்று இருக்கிறது. பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

எழுதுகிறேன்.

காலையில் கீழே போனேன். பொறி பறக்கும் என்பதால் லேபில் போடும் கண்ணாடி, முகமூடி, கையுறை, மேல்கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஹெல்மெட். நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்துக்கொடுக்கலாம் போலிருந்தது.

என் சாவியால் முன்பூட்டைத் திறந்தேன். முறை முறைதானே. செயினைத் தொட்டதும் அலாரம் ஆரம்பித்துவிட்டது. வாட்ச்மேன் எழுந்து வந்தார். செத்தேன் என்று நினைத்தேன். மிஷினின் ஒயரைப் பார்த்தார். தன் மின்விசிறியைப் பிடுங்கிவிட்டு எனக்கு பிளக்கைக் கொடுத்தார்.

"சீக்கிரம் முடி தம்பி" என்றார்.

தம்பி!

மேலே ஜன்னல் திறந்தது. வக்கீலம்மா. "முதல்ல அந்தச் சனியன் பிடிச்ச பெட்டியை அறுப்பா!" என்று கத்திவிட்டுச் சாத்திக்கொண்டார். வாட்ச்மேன் செயினின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார், எனக்கு வாகாக. மிஷினில் மாட்டும் அறுக்கும் வட்டு இரண்டு உடைந்தது. மூன்றாவதில் கண்ணி விட்டது. இந்தச் செயினை அறுக்க எப்பேர்ப்பட்ட திருடனுக்கும் அரை மணி ஆகும் என்று இவர் சொல்லுவார். எனக்கு அவ்வளவு ஆகவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "பார்த்துப் போ" என்று வழியனுப்பினார்.

பெட்டி சீட்டுக்கு அடியிலேயே கத்திக்கொண்டு வந்தது. திருட்டு திருட்டு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறேன், ஒரு ஆள் மறிக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டார்கள். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். அவருக்கும் காது வலிக்கும் அல்லவா.

ஏரிக்கரையில் அதன் பேட்டரி தீர்ந்தது. அப்புறம் சக்கரத்தின் சத்தம் மட்டும்தான். அழுதேன். காற்று கண்ணில் பட்டது என்று வரவேற்புப் பெண்ணிடம் சொன்னேன். வழியில் விழுந்து மறுபடி தேய்ந்திருந்த என் முழங்கையைப் பார்த்துவிட்டு, "இதுவும் கதவு இடிச்சதாக்கா?" என்றாள்.

ஏரிக்கரையில் கம்பம் இருக்கிறது. அடியில் சிமெண்டும் போட்டிருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

நான் வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் இவர் வந்தார். கீழேயிருந்தே சத்தம்: "இங்க வா! வந்து பாரு!"

செயின் அறுந்து கிடக்கிறது, சைக்கிள் அப்படியே நிற்கிறது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பார்த்தியா? அறுத்திருக்கான். அலாரம் அடிச்சதும் பயந்து போட்டுட்டு ஓடிட்டான். நான் சொன்னேன்ல?" வக்கீலம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒரு தம்பி வந்தான் சார்" என்றார் வாட்ச்மேன். "நல்ல வேலைக்காரன். நான்தான் பிளக் கொடுத்தேன்."

இவர் வாய் திறந்தபடியே இருந்தது. "நீ... பிளக் கொடுத்தியா?"

"பின்ன என்ன சார், எத்தனை நாளைக்குத்தான் கேக்கிறது?"

அந்த நல்லவரின் வேலை என்னால் போகக் கூடாது. மேலே போய்க் கண்ணாடியும் முகமூடியும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தேன்.

"அட, இந்தத் தம்பிதான் சார்!" என்றார் வாட்ச்மேன்.

வக்கீலம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டேங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. என் வண்டியை எடுக்க நான் ஏன் கேட்டுக்கிட்டே நிக்கணும்?"

இத்தனை வருடத்தில் இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. இவர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார்.

மார்ச் 24, செவ்வாய்

காபி டம்ளருக்குப் பக்கத்தில் அவருடைய சாவியும் ரிமோட்டும். அறுந்துபோன செயினுக்கு அந்தச் சாவி எதற்கு? இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

ஒரு வாரத்தில் நாலு நாள் சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறேன். முன்பூட்டைக்கூடப் போடுவதில்லை, யாரும் திருடவில்லை. சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கிறது.

இவர் இன்று கேட்டார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்: "ஏரி எப்படி இருந்துச்சு?" சொன்னேன். "சின்ன வயசுல நான் ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுவேன்" என்றார். இந்த மனுஷன் கையை விட்டாராம்! நம்பவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் கீழே போனால் சைக்கிளைக் காணோம்.

சுற்றிச் சுற்றித் தேடினேன். வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"சார்தாம்மா எடுத்துட்டுப் போனாரு. ஏரிக்குப் போறேன்னாரு. அப்பவே போனாரு."

கேட் பக்கத்திலேயே நின்றேன். என்னோடு கிளம்ப வேண்டியவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வெயில் ஏறிய பிறகு வந்தார், வேர்த்து விறுவிறுத்து, மணியடித்துக்கொண்டு. கடைசிக் கொஞ்ச தூரம் இரண்டு கையையும் விட்டுக் காட்டினார். இவரை இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது!

"கம்பத்துல கட்டவே இல்ல, சும்மா சாய்ச்சு வச்சேன்" என்றார். "ஆனா சீட்டு ரொம்ப இறக்கமா இருந்துச்சு. ஏத்திக்கிட்டேன்."

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் படவில்லை.

நாளை வேலை முடிந்து வரும்போது ஒரு பூட்டு வாங்க வேண்டும். நல்ல கனமானதாக. சாவி ஒன்றே ஒன்று உள்ளதாக.