நான் மாற்றிச் சொன்ன "பெடியள்"

பாசமுள்ள தேவண்ணை,

வாசலில் பனி தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்து நாற்பது நாளாகிறது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உங்கள் பக்கத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீடு காலி என்று தெரியும். ஆனாலும் உங்கள் இருமல் கேட்கிறது.

அந்த ஜப்பான்காரனின் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! நூலகப் புத்தகத்தை அகராதியோடு வாசித்துவிட்டு, சோறு ஆற ஆறச் சொல்வீர்கள். புது அரசை எதிர்த்து வடக்குத் தீவில் போரிட்டுத் தோற்ற சாமுராய் அவன். வென்ற தளபதியே தன் தலையை மழித்துக்கொண்டு அவன் உயிருக்காக மன்றாடினானாம். சிறையிருந்தவன் பிறகு அதே அரசின் மந்திரியானான்.

"அவன் ஒண்டையும் ஒளிக்கேல்லை, தங்கச்சி. சண்டை பிடிச்சவன் எண்டு தெரிஞ்சுதான் மன்னிச்சவங்கள்."

"மந்திரியானா எனக்கும் பக்கத்தில இருக்க ஒரு கதிரை போடுங்கோ அண்ணை," என்று பகிடி பண்ணுவேன்.

உங்கள் அகதி விசாரணையில் நான்தான் மொழிபெயர்ப்பு. "நாலு வருசம் பெடியளோட இருந்தனான். பேந்து துவக்கை வைச்சிட்டு வந்திட்டன்," என்றீர்கள். ஆயுதமேந்திய இயக்கத்தாரை நம் ஊரில் பெடியள், அதாவது பையன்கள், என்றுதானே சொல்வோம். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். "நான்கு வருடம் சிறுவர்களோடு இருந்தார்," என்று பிரெஞ்சில் சொன்னேன். துப்பாக்கியைப் பற்றி மூச்சே விடவில்லை. அதிகாரி சிரித்தபடி, "ஆசிரியரா?" என்றார். ஆம் என்றேன்.

ஆசிரியர் என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல் உங்களுக்கும் விளங்கிவிட்டது. வீடு திரும்பும்போது மெட்ரோ ரயிலில், "என்னை ஆரெண்டு சொன்னனீர், தங்கச்சி?" என்று கேட்டீர்கள்.

"உயிரோட இருக்கிறியள்தானே, அண்ணை!" என்று சீறினேன். அதற்குப் பிறகு நீங்கள் அந்த ஜப்பான்காரனின் கதையைச் சொல்லவே இல்லை. இப்போது இருமலுக்குப் பின்னால் அந்தக் கேள்வியும் கேட்கிறது. நான் உங்களைக் காப்பாற்றினேனா, அழித்தேனா?

மரண அறிவித்தலிலும் "ஆசிரியர்" என்றே போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து, உங்கள் முகம் நினைவில்லாத மகள் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறாள்: "அப்பா என்ன பாடம் படிப்பிச்சவர், மாமி? அம்மாட்டக் கேட்டா அழுறா."

அண்ணை, அந்தச் சாமுராயை மன்னித்ததுபோல் உங்களை உண்மை தெரிந்து மன்னிக்க இனி அவள்தான் இருக்கிறாள். நாளைக்கே அவளுக்கு எழுதுகிறேன். நீங்கள் துவக்குத் தூக்கியவர், அதை நீங்களாகவே கீழே வைத்தவர், ஆசிரியர் என்பது என் பொய் என்று எழுதுவேன். என்னை வெறுத்தால் வெறுக்கட்டும். நீங்கள் யாரென்று தெரிந்து அழட்டும்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
வதனா