முற்றத்தில் தலை வாரக் கூடாது

02.02.2025, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து இரண்டு இட்லி. வெயில் இதமாக இருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் உப்பளத்தில் புதுக் குவியல்கள். கண்ணுக்கு நிறைவு.

பின்கட்டில் குடியிருக்கும் எட்டுப் பெண்களும் ஒழுங்காக இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். மூத்தவளுக்கே இருபத்திரண்டுதான். என்னை ‘மாஜி’ என்பார்கள், இந்தியில் அம்மா. என் விதிகளை இந்தியில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரருடைய உருக்காலை வேலைக்காக ரூர்கேலாவில் இருபது வருடம் இருந்ததன் பயன். மூன்றாவது விதி: முற்றத்தில் தலை வாரக் கூடாது. சாக்கடை அடைக்கிறது. நான் படித்த கான்வென்ட் விடுதியில் எங்களுக்குத் தலை வார ஐந்து நிமிடம், பிறகு மணி அடித்துவிடும். தரையில் ஒரு முடி கிடக்காது.

05.02, புதன்

பின்கட்டுப் பெண்களில் சோம்பாரி (திங்கட்கிழமை பிறந்தவளாம், அதனால் அந்தப் பெயர்) மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. பத்தொன்பது வயது. நெஞ்சை அடைக்கிறது, சோறு இறங்கவில்லை என்கிறாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனி வேன் ஓட்டும் பச்சமுத்து வந்தான். “பதினஞ்சாம் தேதி வரைக்கும் பாப்பாராம்மா சூப்ரவைசர். அப்புறம் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுவாரு.”

அவளுக்குப் போக விருப்பமில்லை. இந்தக் கோலத்தில் போய் இறங்கினால் பேய் பிடித்தவள் என்பார்களாம். மறுபடி எங்கும் வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம்.

09.02, ஞாயிறு

சத்யப்ரியா வந்தாள். வெளிமாநில இளைஞர்களுக்கு மனநல ஆலோசனை தரும் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண். இந்தி தெரியாது, மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன். முன்னறையில் எதிரெதிராக நாற்காலி போட்டு, மேசைவிரிப்பு மாற்றி, கதவைச் சாத்தி, ஒவ்வொருத்தியாக அழைத்தோம். ஒன்பது கேள்விகள். ஒரு சொல் பிசகாமல் இந்தியில் கேட்டேன்.

எட்டுப் பேரும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். சோம்பாரியும் — நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே.

உதவ வந்தவளிடம் பொய்யா? கோபமாக வந்தது. ஆனால் அவர் இறந்துபோன இந்த ஆறு வருடத்தில் யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் என்ன?

10.02

மூத்தவள் மங்கரியைக் கேட்டேன். கம்பெனியில் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்று அர்த்தமாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எவள் உண்மை சொல்வாள் என்றாள்.

நான் மேசைவிரிப்பு வேறு மாற்றினேன்.

அப்படியானால் மனசில் இருப்பதை எங்கேதான் பேசுவீர்கள் என்றேன். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஊரில் சாயங்காலமானால் வாசலில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து முன்னால் இருப்பவள் தலையை வாரிவிடுவார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. அப்போதுதான் பேச்சு வரும்.

“முன்னாடி இருக்கிறவ அழுதா ஏன்னு கேக்க மாட்டோம் மாஜி. வாரிக்கினே இருப்போம்.”

மூன்றாவது விதி.

வந்த வாரமே ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? மாட்டேன்.

11.02

தாளைக் கிழிக்கவில்லை. மூன்றாவது வரியை மட்டும் ஸ்கேல் வைத்து அடித்தேன். சத்யப்ரியாவுக்குப் போன் செய்து சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள். அதற்காகவே அவளை மதிக்கிறேன்.

13.02, வியாழன்

சத்யப்ரியா ஃபைல் இல்லாமல் வந்தாள். பின்னலை அவிழ்த்துவிட்டு வரிசையில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தாள். நான் ஓரமாக நாற்காலியில். தேங்காயெண்ணெய்க் கிண்ணம் கைமாறிக்கொண்டே இருந்தது. சினிமாப் பேச்சு, சூப்ரவைசரின் தொப்பையைப் பற்றிய பேச்சு.

அரைமணி கழித்து, மங்கரிக்கு முன்னால் இருந்த சோம்பாரி பேசினாள். நவம்பரில் அவள் அம்மா இறந்துபோயிருக்கிறாள். செய்தி வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அழுதால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து இங்கே ஒருத்தியிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம்! ஐயோ, எப்படித்தான் தாங்கிச்சோ அந்தப் பொண்ணு.

மங்கரி சீப்பை நிறுத்தவில்லை. நான் மொழிபெயர்க்க மறந்துபோனேன். சத்யப்ரியாவும் கேட்கவில்லை.

15.02, சனி

சூப்ரவைசரைப் பார்க்க சத்யப்ரியா போனாள். நானும் போனேன், ஈஸ்டருக்கு வைத்திருந்த பட்டுப்புடவையில். எழுந்து நின்றார். டிக்கெட் போடவில்லை, ஒரு மாதம் பார்ப்பாராம். சத்யப்ரியா வாரம் இருமுறை வருவாள். முற்றத்துக்குத்தான்.

23.02

சோம்பாரி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். என் மாங்காய் ஊறுகாயுடன்.

16.03, ஞாயிறு

சோம்பாரி இரண்டு வாரமாக வேலைக்குப் போகிறாள். உப்பில் கை வெடிக்கிறது, கம்பெனி கையுறை மட்டம் என்று என்னிடம் புகார். நல்லது. சூப்ரவைசர் தேதி பற்றி இப்போது பேசுவதே இல்லையாம்.

சாயங்காலம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். “கீழ உக்காருங்க மாஜி. வகிடு கோணலா இருக்குது.”

என் வகிடா? அறுபது வருடமாக நானே எடுக்கிற வகிடு.

17.03, திங்கள்

முற்றத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குச்சி விட்டு நானே எடுத்தேன். கறுப்புச் சுருளுக்குள் கொஞ்சம் வெள்ளையும் இருந்தது.