புத்தளத்தில் இருப்பதாகச் சொன்ன காலை

தெஹிவளை
18.10.2009

அன்புள்ள துளசிகா,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவது வழக்கம். உன் கடிதத்தை வாசித்த பிறகு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததே எனக்குப் போதும். அல்ஹம்துலில்லாஹ்.

கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவர் உன் கடிதத்தைச் செட்டிகுளம் முகாமிலிருந்து தன் கைப்பையில் கொண்டுவந்து, வெள்ளவத்தையில் இருக்கும் வாப்பாவின் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். வாப்பா கடையை அரை நாளோடு பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் நான் அழவில்லை. உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டு வரியைப் படித்தபோதுதான் அழுதேன். 'பங்கருக்கு வெளியில் தண்ணீர் எடுக்கப் போனவா. ஏப்ரல் இருபதாம் திகதி' என்று மட்டும் எழுதியிருந்தாய். பாலேஸ்வரி அன்ரியை நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் தரம் லொட்ஜ் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தவர். உங்களிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. அதை எனக்குத் தந்துவிட்டு நீங்கள் இருவரும் பேப்பரில் வைத்துச் சாப்பிட்டீர்கள்.

உன் கால் காயத்துக்கு மருந்து கட்டுகிறார்களா? மழை தொடங்கினால் கூடாரத்துக்குள் வெள்ளம் வருமென்று சகோதரி சொன்னார். இந்தக் கடிதத்தோடு உடுப்பும் பனடோலும் அனுப்புகிறேன். நீலச் சட்டை என்னுடையது, கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

துளசி, நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். 'அப்போது நீங்கள் புத்தளத்திலிருந்து எப்போது திரும்பி வந்தீர்கள்?' என்று. அதற்குப் பதில் சொல்லாமல் மற்றது எதையும் எழுத முடியாது. இரண்டு வருடம் நான்கு மாதமாக யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்.

நாங்கள் புத்தளத்துக்குப் போகவே இல்லை.

2007 ஜூன் ஏழாம் திகதி, காலை ஆறரை மணி இருக்கும். உன் நம்பரைப் பார்த்ததும் ரியூஷன் விஷயமாக்கும் என்று எடுத்தேன். நீ மூச்சு வாங்க வாங்கக் கதைத்தாய். "ஹப்ஸா, லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து நிக்குது. தமிழ் ஆக்கள் எல்லாரையும் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பப் போறாங்களாம். அரை மணித்தியாலம் தந்திருக்கிறாங்கள். பின்பக்கத்தால வெளிய வரலாம். உங்கட வீட்டில ரெண்டே ரெண்டு நாளைக்கு நிக்கட்டே? அம்மாவும் நானும் மட்டும்தான்" என்றாய்.

என் அண்ணன், தாஸிம் நானா, வீட்டில் இல்லை. சுபஹுத் தொழுகைக்குப் போனவர் அப்படியே கடற்கரையில் ஓடப் போயிருந்தார். உம்மா எனக்குப் பக்கத்தில் தேயிலைச் சாயத்தோடு நின்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். உம்மா கோப்பையை மேசையில் வைத்தார். "புத்தளத்தில நிக்கிறம் எண்டு சொல்லு" என்றார். நான் போனைப் பொத்திய கையை எடுக்கவில்லை. "சொல்லு புள்ள. பொலிஸ் தேடி இங்க வந்தா உன்ர வாப்பாவ ஆரு வெளிய எடுக்கிற?"

நான் சொன்னேன். "ஐயோ துளசி, நாங்க எல்லாரும் புத்தளத்தில, மாமி வீட்டில" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுக்குப் பின்னால் கோட்டைக்குப் போகும் ரயில் ஊதிக்கொண்டு போனது. நான் பயத்தில் ஏதேதோ உளறினேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் அதே ரயில், அடுத்த ஸ்டேஷனான வெள்ளவத்தையில் உங்கள் லொட்ஜைக் கடந்து, உன் போனுக்குள் ஊதியது. அதற்குப் பிறகுதான் நீ, "சரி ஹப்ஸா, உம்மாவுக்கு என்ர சலாமைச் சொல்லு" என்று வைத்தாய்.

நீ அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாயா? அல்லது எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் அது உன் காதில் விழவில்லையா? புத்தளம் என்று நீ எழுதியிருப்பதை நம்பிக் கேட்டதாக எடுப்பதா, எனக்கு வெட்கமில்லாமல் இருக்க நீ விட்டுத் தந்த இடமாக எடுப்பதா என்று தெரியவில்லை. எதுவானாலும் பொய் சொன்ன வாய் என்னுடையது. உம்மா சொல்லித்தான் சொன்னேன் என்று தப்பிக்க மாட்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது. 'வா' என்று சொல்ல ஒரு எழுத்துப் போதும்.

உம்மாவை நீ வெறுக்கக் கூடும். வெறுக்காதே என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் உம்மா உன்னை ஏற்கெனவே அறிந்திருந்தார் என்பது உனக்குத் தெரியாது.

அந்த வருடம் மார்ச் மாதம், வெள்ளவத்தையில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நடந்த கணக்கியல் வகுப்பில் நீ எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாய். நானா இரண்டாம் தடவை உயர்தரப் பரீட்சைக்காகப் பின்வரிசை வாங்கில் இருந்து தூங்குவார். நீ யாழ்ப்பாணம் என்று சொன்னதும் தூக்கம் போய்விட்டது. "எங்கட சோனகத் தெரு தெரியுமா?" என்றுதான் முதல் கேட்டார். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது நானா இரண்டரை வயதுப் பிள்ளை. உம்மாவின் இடுப்பில் இருந்து வந்தவர். பிறந்த ஊரின் ஒரு மதிலைக்கூட அவருக்கு நினைவில்லை.

நீ ஐந்தொகைக் கொப்பியின் பின்பக்கத்தில் அவருக்கு ஐந்து சந்தியிலிருந்து தெருத் தெருவாகக் கீறிக் காட்டினாய். பள்ளிக்கூடம் போகும்போது அந்த வெறும் தெருவில் சைக்கிள் மணி அடித்தால் மணிச் சத்தம் திரும்பி வரும் என்று சொன்னாய். நானா அதை வீட்டில் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். வகுப்பு முடிந்து மூவரும் தண்டவாளத்தோரம் நடப்போம். நான் வேண்டுமென்றே பத்து அடி முன்னுக்குப் போவேன். ஒருநாள் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் உன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, நானா முன்னால் போய்ச் சிங்களத்தில், "அய்யே, மே அபே நங்கி" என்றார். எங்கள் தங்கச்சி என்று சொல்லி உன்னைக் கூட்டிவந்ததற்கு, நீ அந்தச் சந்தி தாண்டும்வரை அவரோடு கதைக்கவில்லை. "நான் உங்களுக்குத் தங்கச்சியோ?" என்று பிறகு கேட்டாயே, அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

உன் மாமாவிடம் சொல்லி எங்கள் பழைய வீட்டைப் படமெடுத்து வரவழைத்தாய். கூரை இல்லை, குசினிக்குள் ஒரு பப்பாசி காய்த்து நின்றது. அந்தப் படத்தை நானாவின் சட்டைப் பைக்குள் உம்மா எடுத்தார். மே மாதம். யார் தந்தது என்று கேட்டார். நானா மறைக்கவில்லை. உன் பெயரைச் சொன்னார், உன்னைக் கலியாணம் முடிக்கப் போவதாகவும் சொன்னார்.

உம்மா கத்தவில்லை. "அந்தப் புள்ளயில நான் குற்றம் சொல்லேல்ல. ஊர விட்டு வெளிக்கிட்ட அண்டைக்குக் காதில கிடந்த தோட்டக் கழட்டி வாங்கின இயக்கப் பொடியன் என்ர முகத்தப் பாக்காமக் கையை மட்டும் நீட்டினவன். ஒழுங்கையில எவ்வளவு சனம் நிண்டது. எங்களோட ஒரே கிணத்தில தண்ணி அள்ளினதுகள். ஒருத்தர் வாய் திறக்கேல்ல. அந்தச் சனத்துக்குள்ள நான் சம்பந்தம் செய்ய மாட்டன்" என்றார். நானா, "உம்மா, அவ பிறந்ததே அந்த வருஷம்தான்" என்றார். ஒரு மாதம் கழித்து உன் போன் வந்தது.

அன்று எட்டு மணிக்கு நானா, வழியில் விஷயத்தைக் கேள்விப்பட்டு, உன்னைத் தேடி லொட்ஜுக்குப் போனார். வாசலில் ஒற்றைச் செருப்புகளும் ஒரு பால்மாப் பக்கற்றும் கிடந்ததாம். திரும்பி வந்து, "உனக்குப் போன் எடுத்தவளா?" என்று என்னிடம் கேட்டார். நான் இல்லை என்றேன். அது என்னுடைய இரண்டாவது பொய். உம்மாதான், "எடுத்தவ. நான்தான் வேணாம் எண்டனான்" என்று சொன்னார். நானா, "நீங்களுமா உம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாளே நீதிமன்றம் தடுத்து, கொஞ்சப் பேரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நீங்கள் இருவரும் வரவில்லை. துரத்திய ஊருக்கு அம்மா வரமாட்டேன் என்கிறா, கிளிநொச்சியில் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று நீ நானாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாய். அதற்குப் பிறகு உன் போன் வேலை செய்யவில்லை.

நானா பரீட்சையில் முதல் பேப்பரோடு எழுந்து வந்துவிட்டார். செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் வவுனியாவிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். "ஓமந்தைச் சோதனைச் சாவடியால வன்னிக்கு விடமாட்டாங்களாம். ஒரு ஆளோட கதைச்சிருக்கிறன், வேற வழியால கூட்டிப் போவானாம். உம்மாவுக்கு நான் கோபம் இல்ல எண்டு சொல்லு" என்றார். பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் துளசி. அதற்குப் பிறகு அவருடைய குரலை நாங்கள் கேட்கவில்லை.

வாப்பா வவுனியாவுக்கு ஐந்து தரம் போய்வந்தார். பொலிஸில் ஒரு முறைப்பாடு, ஆஸ்பத்திரிகள், செஞ்சிலுவை, சிறைச்சாலைப் பட்டியல் எல்லாம் பார்த்தாயிற்று. உம்மா எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்வார்: "அவன் அந்தப் புள்ளயிட்டப் போய்ச் சேர்ந்திட்டான். சண்டைக்குள்ள மாட்டிக்கிட்டான். வருவான்." இரண்டு வருடமாக அந்த நம்பிக்கையில்தான் சோறு தின்கிறார்.

உன் கடிதம் இரண்டு தாள். முதல் தாளை உம்மாவிடம் கொடுத்தேன். இரண்டாம் தாளின் கடைசி வரியில், 'தாஸிம் கம்பஸ் போகிறாரா? என்னை மறந்திருந்தாலும் பரவாயில்லை, நன்றாக இருக்கிறார் என்று மட்டும் எழுது' என்று கேட்டிருந்தாய். அந்த வரியை வாசித்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. நானா உன்னிடம் வந்து சேரவே இல்லை. இரண்டாம் தாளை நான் உம்மாவுக்குக் காட்டவில்லை. நீ உயிரோடு இருப்பது தெரிந்ததும் உம்மா, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்து, "அப்ப அவனும் இருக்கிறான்" என்றார்.

உறவினர் பொறுப்பெடுத்தால் முகாமிலிருந்து விடுகிறார்களாம். உம்மாவே கிராம சேவகரிடம் போய்ப் படிவம் வாங்கி வந்தார். உறவுமுறை என்ற இடத்தில் 'மருமகள்' என்று தன் கையால் எழுதினார். கேட்டால் தம்பியின் மகள் என்று சொல்லலாம், அதற்கும் அந்தச் சொல்தானே என்று வாப்பா சமாதானம் சொன்னார். உம்மா அந்த அர்த்தத்தில் எழுதவில்லை.

விடுவார்களோ தெரியாது. உன் பெயரையும் எங்கள் பெயரையும் பார்த்தால் சந்தேகப்படுவார்கள். நீ வர விரும்புவாயா என்பதும் தெரியாது. கனடாவில் இருக்கும் உன் அண்ணனோடு பேச வழி இருந்தால் எங்கள் நம்பரைக் கொடு. உன் விருப்பம் எதுவோ அதற்கு வாப்பா உதவுவார்.

ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை உம்மா உன்னைப் பார்க்க வருகிறார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் அவருமாகப் பத்து நிமிஷம் தருவார்களாம். அவர் உன்னிடம் முதலில் கேட்கப் போவது ஒன்றுதான், நானா எங்கே என்று. நீ நிலைகுலைந்துவிடக் கூடாது என்றுதான் இதையெல்லாம் முன்கூட்டியே எழுதுகிறேன். இந்தச் செய்தியை நீ இப்படித் தனியாக, ஒரு கூடாரத்துக்குள் இருந்து அறிய வைத்ததற்கும் என்னை மன்னிக்க வேண்டாம்.

எங்களுக்காக நீ பொய் சொல்லாதே துளசி. நான் ஒருமுறை சொன்னதே போதும். இல்லை, வரவில்லை என்ற உண்மையையே சொல். கம்பிக்குள்ளால் கை எட்டினால், சொல்லும்போது உம்மாவின் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்.

அல்லாஹ் உன்னை இன்னொரு இழப்பிலிருந்து காக்கட்டும். உன் அம்மாவுக்காக எங்கள் வீட்டில் நேற்று ஐந்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்தோம்.

என்றும் உன் சிநேகிதியாக இருக்க ஆசைப்படும்,
ஹப்ஸா