இடது கைக்குச் சிவப்பு

1958 மே 4, ஞாயிறு

ஏன் கடிக்கிறேன்? வயது நாற்பத்தெட்டு. விலங்கியலில் பட்டம். பதில் தெரியவில்லை. பசி இல்லை, பயம் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் விரல் வாய்க்குப் போகிறது. தெரிந்தது அவ்வளவுதான்.

ஏழு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. மாதா கோயில் பூசையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் புதுப் பூட்டின் சாவியையும் கம்பி வளையத்தையும் நீட்டினார். "இத மாட்டு ரோசு." வளையத்தைப் பிரிக்க நகம் வேண்டும். எனக்கேது? பல்லால் முயன்றேன். பிடுங்கி அவரே மாட்டினார்.

"பட்டம் வாங்குன கை. ஒரு வளையத்தப் பிரிக்க முடியல."

அதை விடப் பெரிய தொல்லை: ஜூன் 9, பள்ளியில் தாய்மார் கூட்டம். வீட்டிலேயே நகம் பேணுவது எப்படி என்று நான் பேச வேண்டும். பேசினால் போதாதாம். என் கையிலேயே வெட்டி, தேய்த்துக் காட்ட வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. சரி என்று தலையாட்டினேன், கைகள் முந்தானைக்குள். திங்கள்தோறும் பிள்ளைகளின் நகத்தைப் பார்வையிடுகிறவள். என் நகத்தைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. வெட்டிக் காட்ட என்ன இருக்கிறது?

மே 7, புதன்

புழுக்கம். இரவெல்லாம் விசிறி.

பக்கத்து வீட்டு மெகர் நுங்கு கொண்டு வந்தாள். தோல் பதனிடும் ஷாப்பு முதலாளியின் மனைவி. என்னைவிடப் பத்து வயது இளையவள். பாத்திரத்தை வாங்க இரண்டு கையும் நீட்டிவிட்டேன்.

"என்ன டீச்சரக்கா, கோழி கொத்துனாப்ல இருக்கு?"

கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். போனாள், ஒரு குப்பியோடு வந்தாள். நகப் பாலிஷ். ரத்தச் சிவப்பு. கொழும்பிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்தது. ஏறக்குறைய முழுக் குப்பி.

"நீ ஏன் போடுவதில்லை?"

"தொழுகைக்கு முன்ன கைகால் கழுவி ஒளு செய்யணும்லக்கா. இதப் பூசிட்டா நகத்துல தண்ணி படாது. தொழுகை இல்லாத அந்த நாலஞ்சு நாளுதான் பூசலாம். ஒரே ஒரு தடவ பூசுனேன். கொழுந்தன் பொண்டாட்டிக மூணு பேரும் என் விரலப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாளுக. வீடு அம்புட்டுக்கும் நாள் தெரிஞ்சுபோச்சு. நமக்கு மருதாணியே போதும்."

பாலிஷ் போட்டால் கடிக்க மனம் வராது என்கிறாள். நான் நம்பவில்லை. கற்றாழை, மிளகாய், வேப்பெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் சோதிக்காமல் மறுப்பதும் முறையல்ல. இடது கைக்குச் சிவப்பு. வலது கைக்கு வேப்பெண்ணெய். ஆள் ஒன்று, புத்தகம் ஒன்று, வெயில் ஒன்று.

விடுமுறையாக இருப்பது நல்லது. வீட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

மே 13, செவ்வாய்

இடது: கட்டைவிரலில் மட்டும் ஒரு ஓரம் போயிருக்கிறது. மற்ற நான்கும் முழுசு.
வலது: ஐந்தும் போச்சு. வேப்பெண்ணெயும் தீர்ந்தது.

அவர்: "வேப்பெண்ணெயே உனக்குத் தொட்டுக்க வெஞ்சனமாப் போச்சு."

கவனித்தது: இடது கை உதடு வரை வருகிறது. சிவப்பு கண்ணில் படுகிறது. நிற்கிறது. நிறமா, வாசமா, வழவழப்பான பூச்சைக் கெடுக்க மனமில்லாததா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. மெகர் சொன்னது சரி என்பதை மட்டும் மறைக்க முடியாது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு பூசையில் முந்தானை விலகிவிட்டது. பின்னால் இரண்டு பெண்கள்.
"டீச்சர் விரல்ல என்னடி, ரத்தமாட்டம்?"
"கதவுல நசுங்கியிருக்கும். பாவம்."
ஐந்து விரலுமா? முந்தானையை இழுத்து மூடினேன்.

மே 24, சனி

மாலையில் நாலு துளி. மண் வாசனை மட்டும்.

சோதனை முடிந்தது. இடது கையில் சதையைத் தாண்டி வெள்ளை விளிம்பு. என் வாழ்நாளில் முதல் முறை. ஜன்னல் வெளிச்சத்தில் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கைக்குப் பத்து நாளாகவே சிவப்பு; அதுவும் தேறுகிறது. மெகரிடம் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட ஒரு பட்டமும் இல்லக்கா," என்றாள்.

கற்றவை (கூட்டத்துக்கு ஆகும்):
குளித்ததும் வெட்டு, நகம் இளகியிருக்கும்.
தீப்பெட்டி ஓரத்தில் தேய்க்காதே. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பிசிறு தட்டி அதுவே கடிக்கச் சொல்கிறது. நைசான உப்புத்தாள், ஒரே திசையில்.
நகத்தோரச் சதையை வெட்டாதே. தேங்காய் எண்ணெய் தடவி ஈரத் துணியால் தள்ளு.
புளி போட்டுப் பாத்திரம் விளக்கினால் அன்றே எண்ணெய்.
(சொல்லக் கூடாதது) பாலிஷ் மெல்லியதாக இரண்டு முறை. முதலாவது காயாமல் அடுத்தது வேண்டாம். தடித்தால் உரியும். அடுப்புப் பக்கம் குப்பி போகக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

பள்ளி திறந்துவிட்டது. பாலிஷ் பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும் கூடாது என்பது தலைமையாசிரியையின் கண்டிப்பு. நேற்றே கலைத்துவிட்டேன். ஆய்வுக்கூடத்து அசிட்டோனைத் தொட மனமில்லை, மருந்துக்கடையில் வாங்கினேன். பஞ்சில் தொட்டு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் ஒரே இழுப்பில் வருகிறது. அடியில் மஞ்சள் படிந்திருந்தது. எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், பாதி போனது.

இப்போதுதான் உண்மையான சோதனை. சிவப்பு இல்லாமல் நிற்குமா?

காலை ஆசிரியைகள் கூட்டம். வலது கை கிளம்பியது. மோவாயோடு நின்றது. நான் நிறுத்தவில்லை, தானாக. மதியம் இன்னொரு முறை, அதே கதை.

ஜூன் 8, ஞாயிறு

மேல்காற்று. கண் முழுக்க மண்.

வலது ஆள்காட்டி விரலில் ஒரு பிசிறு. பகல் முழுவதும் நாக்கு அதையே நினைக்கிறது. உப்புத்தாள் போட்டேன். மேடையில் உட்கார்ந்து மற்றவர் பேச்சைக் கேட்கும் நேரம்தான் ஆபத்து. நாற்பது வருஷமும் அப்படிப்பட்ட நேரங்களில்தான் கடித்திருக்கிறேன்.

அவர்: "மேடையில கடிச்சுப்புடாத. ஊரே பாக்கும்."
மெகர்: "நான் முன்வரிசையில உக்காருறேன்க்கா. கை வாய்க்குப் போச்சுன்னா இருமுறேன்."

நாளை என்ன ஆகும்? பந்தயம் கட்டச் சொன்னால் என் பக்கம் கட்ட மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

நடந்தது இது.

தலைமையாசிரியை முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் மெகர் இருமினாள். தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் மடியில். அசையவே இல்லை. மறுபடி இருமினாள். மறுபடி பார்த்தேன். மடியில்தான்.

பிறகு என் முறை. மேஜையில் வெள்ளைத் தாள். இடது சுண்டு விரலில் கத்தரி வைத்தேன். டக். ஒரு பிறைத் துண்டு தாளில் விழுந்தது. என் நகம். மற்றவற்றை வெட்ட மனம் வரவில்லை; தேய்த்து மட்டும் காட்டினேன். எரியோடு கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய் எழுந்து கிட்டே வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, மகளிடம், "பாருடி. நகம்னா இது. நீயும் வச்சிருக்கியே," என்றாள்.

வெளியே வந்ததும் மெகரைக் கேட்டேன், ஏன் இருமினாய் என்று.
"நெசமாவே இருமல்க்கா. முன்வரிசைல அம்புட்டும் சாக்பீஸ் தூசி."

சாயங்காலம் ஆணியிலிருந்து சாவி வளையத்தை எடுத்தேன். கட்டைவிரல் நகத்தை விட்டுப் பிரித்து, புதுச் சாவியைக் கழற்றினேன். மாட்டினேன். திரும்பக் கழற்றினேன்.

"வளையத்த ஒடச்சுறாத ரோசு," என்றார் அவர்.

இன்னொரு முறை மாட்டினேன்.