கோதுமைக் கப்பல் அட்டைகள்

9.7.2000, ஞாயிறு
தண்ணீர் லாரி வரவில்லை. கம்பெனி மூடி ஆறு மாதமாகக் கட்டிலே கதியென்று கிடந்த என் கணவர் மனோகரன், இன்று பரணிலிருந்து டால்டா டப்பாவை இறக்கினார். மாமனார் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். டப்பாவுக்குள், அமெரிக்கக் கோதுமைக் கப்பல் மாலுமிகள் அவருக்குக் கொடுத்த சூயிங்கம் பாக்கெட்டுகளில் வந்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரன். இப்படி ஓர் அட்டை அங்கே லட்சத்துக்குப் போனதாகப் பேப்பரில் படித்தாராம். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் இன்று ஷேவ் செய்துகொண்டார்.

13.7, வியாழன்
கல்லூரியில் வகுப்பெடுத்து முடித்து பிரௌசிங் சென்டர் போனேன். சில அட்டைகளை ஸ்கேன் செய்து, பழைய அட்டைகள் வாங்கும் ஓர் அமெரிக்கருக்கு அனுப்பினேன். ஒன்றும் தேறாது என்று அவரே எழுதிவிட்டால் பேச்சு முடியும்.

15.7, சனி
பேச்சு முடியவில்லை. மொத்தத்துக்கும் இரண்டாயிரம் டாலர் வரை தருவாராம். நம் பணத்தில் தொண்ணூறாயிரம். முனை மழுங்கக் கூடாது, ஈரம் படக் கூடாது, அட்டைகளை நேரில் பார்த்த பிறகே விலை முடிவு என்கிறார். வீட்டில் அப்படியே தமிழில் சொன்னேன். "ஈரம் படக் கூடாதாமா?" என்று இவர் மறுபடி மறுபடி கேட்டார்.

16.7
டில்லிபாபு வந்தான். கம்பெனியில் இவரோடு இருந்தவன், இப்போது கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். உள்ளே வரும் பெட்டிகளின் நம்பரைக் குறிக்க ஆள் வேண்டுமாம். பகல் வேலை, நாளையே சேரலாம்.

"நோவாத வேலண்ணே. ஃபேன் கீது, சேர் கீது. இன்னா சொல்ற?"

"எங்க நைனா எனக்கு சேத்து வச்சிட்டுப் போயிகீறாரு. நான் எதுக்குடா பொட்டி எண்ணணும்?"

டில்லிபாபு என்னைப் பார்த்தான். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? இவரிடம் இந்தக் குரலைக் கேட்டு வெகுநாள் ஆயிற்று — அதனாலா?

19.7
காலடிப்பேட்டை ஜெராக்ஸ் கடையிலிருந்து விசிலடித்துக்கொண்டு வந்தார். அத்தனை அட்டையும் லேமினேட். வீட்டிலுள்ள ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மாதிரியே பளபளவென்று.

"இனிமே கடல்காத்து இன்னா பண்ணும், சொல்லு?"

இப்படிச் செய்யலாமோ, கூடாதோ. நாளை அமெரிக்கருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

22.7
அமெரிக்கரிடமிருந்து ஒரே வரி. லேமினேட் செய்ததை யாரும் வாங்க மாட்டார்கள், வருந்துகிறேன்.

என்ன மனுஷன் இவரு, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? ஈரம் படக் கூடாதுன்னு சொன்னவளும் நான்தானே.

அவரிடம் சொல்லிவிட்டேன்.

23.7
மீன் வாங்கித் திரும்பியபோது தரையில் இஸ்திரிப் பெட்டி, பக்கத்தில் பிளேடு. லேமினேட் உறையைச் சூடாக்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஆட்டக்காரன் முகம் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிட்டது. மிச்சம் வெறும் பழுப்பு அட்டை. ஒன்றோடு நிறுத்தவில்லை. அடுத்ததாவது சரியாக வரும் என்று, வரிசையாக.

5.8
மறுபடியும் கட்டில். அவருக்குத் தெரியாமல் டில்லிபாபுவைப் போய்ப் பார்த்தேன். பகல் வேலைக்கு ஆள் போட்டாகிவிட்டதாம்.

"நைட்டு கேட்ல காவல் வேலதான் கீது அண்ணி. விடிய விடிய நிக்கணும். அண்ணன் நிக்குமா?"

நிற்பார் என்றேன்.

28.8, திங்கள்
இன்று முதல் நைட். பொழுது சாய்ந்ததும் கிளம்பினார். சட்டையில் மாட்டிக்கொள்ள யார்டில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். போட்டோ, பெயர், நம்பர். லேமினேட் செய்தது. அதன் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே படியிறங்கினார்.