இறக்கத்தில் சாப்பிடும் வண்டி

கோல்மன் மேடு,
மாஞ்செஸ்டர், ஜமைக்கா.
ஜூன் 9

என் அன்புப் பேத்தி ஜோடீனுக்கு,

பாட்டி மர்ட்டெல்லா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். பர்மிங்காமில் நீயும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத நம் குட்டி நயோமியும் சுகமாக இருக்க வேண்டும். ஃபோனிலேயே பேசலாமே பாட்டி என்பாய். ஃபோனில் பேசினால் ஆல்வரின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காது கொடுக்கிறாள். இது அவள் காதுக்குப் போகக்கூடாத சங்கதி. அதனால் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மூன்றாம் வகுப்போடு என்னைக் கிழங்குத் தோட்டத்துக்கு அனுப்பியவர்களை நான் இன்னும் பொறுக்கவில்லை, அது வேறு கதை.

நீ பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற ஹைப்ரிட் வண்டியைப் பற்றித்தான். பார்க்க அழகு, குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் உன் சின்னத் தாத்தா எவரால்டு பொத்தானை அழுத்தினான், ஒரு சத்தமும் வரவில்லை. வாங்கின அன்றே செத்துப்போனது என்று நான் நெஞ்சில் கைவைத்தேன். பார்த்தால் வண்டி பூனை மாதிரி நகர்ந்து போகிறது. முன்னால் உள்ள திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. இந்த ஊரில் ஒருவருக்கும் அது படிக்க வராது. ஆனால் பேட்டரி மாதிரி ஒரு படம் இருக்கிறது, அதற்குள் எட்டுக் கட்டம். நான் முன் இருக்கையில்தான் உட்காருவேன், அதனால் கட்டங்களை எண்ணிக்கொண்டே போவேன்.

இனி விஷயம். மேண்டவில்லில் விற்றவன் உன்னிடம் ஃபோனில் என்ன சொன்னான்? "லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்மா, கண்ணை மூடிட்டு எழுதித் தரேன்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன், பச்சைச் சட்டை போட்டிருந்தான். நான் நோட்டில் எழுதுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். மே மூன்றாம் தேதி, செவ்வாய், முப்பத்தொரு லிட்டர் போட்டது நானூற்று முப்பது கிலோமீட்டர் ஓடியது. பன்னிரண்டாம் தேதி, மழை நாள், இருபத்தொன்பது லிட்டர் போட்டது நானூற்று இரண்டு. நாற்பது வருஷம் சந்தையில் வள்ளிக்கிழங்கு விற்றவளுக்குக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். லிட்டருக்குப் பதினாலு கூட முழுசாக வரவில்லை. நாம் தலைமுழுகின அந்தப் பழைய வண்டியே பன்னிரண்டு கொடுத்தது.

ஷேர் டாக்சியாக ஓட்டி, பெட்ரோல் போக மிஞ்சுவதில் உனக்கும் குழந்தைக்கும் கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் என்றுதானே திட்டம்? பெட்ரோலே எல்லாவற்றையும் விழுங்கினால் எங்கே மிஞ்சும்? ஜூலை முடிய இப்படியே இருந்தால் வண்டியை விற்று இங்கே வாங்கிய வங்கிக் கடனை அடைத்துவிடுங்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். விற்றுவிட்டால் டிசம்பரில் நீ வரமாட்டாய். அதை நீ எழுதவில்லை. எழுதாததும் எனக்குப் படிக்க வரும்.

நான் நன்றாக யோசித்துவிட்டேன். வண்டி மேல் தப்பில்லை. ஓட்டுகிறவன் மேல்தான். எவரால்டு எப்படி ஓட்டுகிறான் என்று உனக்கே தெரியும். ஸ்பர் ட்ரீ மலை உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு, அடிவாரம் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே உருட்டுவான். "பாத்தீங்களா அண்ணி, ஒரு சொட்டு செலவில்ல. இதை எங்கப்பா லாரியில கத்துக்கிட்டேன்" என்பான். இந்தப் பக்கத்து டாக்சிக்காரர்கள் எல்லோரும் உருட்டுகிறவர்கள்தான், ஆனால் எவரால்டு மாதிரி உருட்ட ஆளில்லை, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். அடிவாரத்தில் சக்கரம் கொஞ்சம் கருகி மணக்கும். அங்கே ஆட்டுக்கறிக் குழம்புக் கடைகள் வரிசையாக இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆளைக் குறுக்கி உட்காரவைத்து, "ஒடுங்கி உக்காருங்க, ஒடுங்கி உக்காருங்க" என்று நாலு பேர் இடத்தில் ஐந்து பேரை ஏற்றுவான். டாக்சி நிறுத்தத்தில் காத்திருக்கும்போதும் நியூட்ரல்தான். அவ்வளவு சிக்கனம்.

இவ்வளவு சிக்கனமாக ஓட்டியும் பெட்ரோல் போகிறது என்றால் எங்கே போகிறது? அவன் வீட்டில் ஒரு புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது. ஊர் முழுக்கப் புல் வெட்டுகிறான். அதுவும் பெட்ரோல்தான் குடிக்கும். புரிகிறதா?

அவன் கை சுத்தமில்லை என்று எனக்கு 1984 மார்ச்சிலிருந்தே தெரியும். ஒரு காது வெள்ளையாக இருந்த என் கறுப்பு ஆடு புதன்கிழமை காணாமல் போனது. வெள்ளிக்கிழமை அவன் பிறந்தநாளுக்கு ஆட்டுக்கறி. உன் தாத்தா போய் இரண்டு தட்டு சாப்பிட்டு வந்தார், அதையும் நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே கேட்கப் போகிறேன். நீ வண்டியை விற்கச் சொல்லி யாருக்கும் எழுதாதே. திருடனை நிறுத்தினால் பெட்ரோல் நிற்கும்.

குழந்தைக்கு உள்ளங்காலில் ஒரு முத்தம்.

உன் பாட்டி
மர்ட்டெல்லா

*

கோல்மன் மேடு,
ஜூன் 27

ஜோடீன் கண்ணுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. யாருக்காவது படித்துக் காட்டியிருந்தால், பாட்டிக்கு அன்று காய்ச்சல் என்று சொல்லிவிடு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சொன்னபடியே ஞாயிறு வாசலில் கேட்டேன். பாஸ்டர் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமாகவே, "எவரால்டு, ஜோடீன் ராத்திரி பகல் பாக்காம கிழவிங்களுக்குக் குளிப்பாட்டி விட்டுச் சம்பாதிச்ச பெட்ரோலை உன் புல்லுக்கு ஊத்துறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றேன். சபையே நின்றுவிட்டது. அவன் தொப்பியைக் கழற்றினான். என்னைப் பார்த்தான். "அண்ணி, எழுபத்தொரு வயசுல எனக்கு இந்தப் பேரா?" என்று மட்டும் கேட்டான். சாவியை என் பைபிள் மேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். மூன்று மைல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தி வைக்க முடியுமா? மேண்டவில்லில் இதே மாதிரி ஹைப்ரிட் ஓட்டுகிற நோவலெட் என்கிற பெண்ணைப் பிடித்தேன். பெரிய காது வளையம், பெரிய வாய், நல்ல பெண். அதே பாதை, அதே கூட்டம், அதே கிழங்கு மூட்டை. ஒரு வாரம் கழித்து இருபத்தைந்து லிட்டர் போட்டாள். ஓடியது நானூற்று எழுபத்தெட்டு. லிட்டருக்குப் பத்தொன்பது!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வேலிக்குப் போய், ஆல்வரின் கேட்காமலேயே ஆல்வரினிடம் சொன்னேன். "திருடன் எறங்கினான், பெட்ரோல் நின்னுச்சு, பாத்தியா?" என்றேன். அவள் மத்தியானத்துக்குள் ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மங்கிவரும் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக நானும் வண்டியில் ஏறினேன். ஸ்பர் ட்ரீ உச்சி வந்தது. நோவலெட் கியரைத் தொடவே இல்லை. காலை எடுத்தாள், பிரேக்கைக் குழந்தை தலையைத் தடவுகிற மாதிரி தொட்டாள், அவ்வளவுதான். திரையைப் பார்த்தேன். இரண்டு கட்டம் இருந்தது. முதல் வளைவில் மூன்று. அடுத்த வளைவில் நாலு. அடிவாரம் வரும்போது எட்டும் நிரம்பிப் பச்சையாகிவிட்டது. கருகல் வாசனையும் இல்லை, வெறும் ஆட்டுக்கறி வாசனைதான். சமதரையில் ரொம்ப தூரம் இன்ஜின் சத்தமே இல்லாமல் போனோம். எவரால்டு ஓட்டும்போது அந்தக் கட்டங்கள் இறக்கத்தில் ஒருநாளும் ஏறியதில்லை ஜோடீன். நான்தான் எண்ணுகிறவளாயிற்றே. எண்ணினேன், யோசிக்கவில்லை.

"ஏம்மா, நீ உருட்ட மாட்டியா? வீணாப் போகுதே" என்று கேட்டேன்.

அவள் ஸ்டீயரிங்கில் அடித்துச் சிரித்தாள். "அய்யோ பாட்டி! இந்த வண்டி எறக்கத்துலதான் சாப்பிடும். சக்கரம் சுத்துற வேகத்தைப் பிடிச்சுப் பேட்டரிக்குள்ள போட்டுக்கும். நியூட்ரல்ல போட்டா அது வாயைக் கட்டின மாதிரி. ஒண்ணும் உள்ள போகாது. நின்னுட்டு இருக்கும்போது நியூட்ரல் போட்டாலும் அதே கதைதான். அப்புறம் சமதரையில பசியோட பெட்ரோலைக் குடிக்கும். பழைய டிரைவருங்க எல்லாம் இதே தப்புதான் பண்றாங்க. எங்க மாமாவும் பண்ணார். ரொம்பச் சிக்கனமானவங்கதான் ரொம்பச் செலவு பண்றாங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார், விடு.

ஆக, அவன் ஒரு சொட்டு எடுக்கவில்லை. அவன் அப்பன் லாரியில் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தான். உன் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் பாடுபட்டான். அதையே உச்சியிலிருந்து அடிவாரம் வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்து மெச்சிக்கொண்டு போயிருக்கிறேன்.

விற்றவன் சொன்ன இருபத்திரண்டு ஜப்பானில் வருமோ என்னமோ. நம் மலைக்கும் ஐந்து பேருக்கும் கிழங்கு மூட்டைக்கும் பத்தொன்பது. பத்தொன்பது போதும், டிக்கெட்டுக்குத் தாராளமாக மிஞ்சும். வண்டியை விற்காதே. இதை ஊருக்குத் தெரியாமலும் விட்டுவிடலாம். நோவலெட்டுக்குத் தவிர யாருக்கும் தெரியாது, அவளுக்கு ஆடும் தெரியாது, வாசலில் நடந்ததும் தெரியாது. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. கடைசியாக நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது 1961-ல். அதுவும் அப்பா பெல்ட்டைக் கையில் எடுத்ததால்.

உன் பாட்டி
மர்ட்டெல்லா

*

கோல்மன் மேடு,
ஜூலை 15

ஜோடீன் தங்கமே,

உன் கடிதம் கிடைத்தது. "பாட்டி, சின்னத் தாத்தாகிட்ட நீங்களே பேசுங்க, நான் பேச மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். யார் பேத்தி நீ!

முதலில் அவன் வீட்டுக்குத்தான் போனேன். சோளமாவுப் புட்டிங் செய்து, தேங்காய்ப்பால் கொஞ்சம் தாராளமாக விட்டு, எடுத்துப் போனேன். கதவைத் திறந்தான். புட்டிங்கைக் கொடுத்தேன், மன்னிப்பை விட்டுவிட்டு வானிலை பற்றிப் பேசினேன், திரும்பி வந்துவிட்டேன். பாத்திரத்தை மறுநாள் கழுவிக் கொடுத்தனுப்பினான், காலியாக. நம் ஊரில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பார்களா? ஒரு எலுமிச்சம்பழமாவது இருக்கும். அப்போது புரிந்தது. வாசலில் போட்டதை அடுப்படியில் எடுக்க முடியாது.

ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எப்போதும் போல என் கண்ணுக்காக ஸ்தோத்திரம் சொல்லப் போகிறேன் என்று பாஸ்டர் தலையாட்டினார். நான் எழுந்து நின்றேன். "சபையாருக்கு ஒரு சாட்சி. ஆண்டவர் எனக்கு ஒரு சின்னப் படத்துல எட்டுக் கட்டம் காட்டினார்" என்று ஆரம்பித்தேன். "ஆமென்!" என்றார்கள், எதற்கென்று தெரியாமலே. பிறகு நியூட்ரல், இறக்கம், பேட்டரி எல்லாவற்றையும் சொன்னேன். "எவரால்டு ஒரு சொட்டு எடுக்கல. இந்தச் சபை வாசல்ல நான் சொன்னது பொய். கேட்டவங்க எல்லாரும் இதையும் கேட்டுக்கங்க. ஆல்வரின், நீ சத்தமாவே கேட்டுக்க" என்றேன்.

பின் வரிசையில் ஹைப்ரிட் ஓட்டும் டாக்சிக்காரர்கள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை விட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அம்மா, நியூட்ரல் போடாம கியரை டி-யிலேயே விடணுமா? பிரேக்கை எப்படித் தொடணும்?" என்று கேள்வி மேல் கேள்வி. ஊரே உருட்டிக்கொண்டிருந்திருக்கிறது!

கூட்டம் கலைந்த பிறகு எவரால்டு வந்தான். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். நான் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். போகிற மாதிரி போய்த் திரும்பி, "அண்ணி, அப்போ அந்த ஆடு?" என்றான்.

"வருஷத்துக்கு ஒரு மன்னிப்புதான்டா. அடுத்த வருஷம் வா" என்றேன். சபை வளாகம் அதிரச் சிரித்தான். மறுநாள் காலையில் என் வாசலில் ஒரு கூடை எலுமிச்சம்பழம். உனக்கு மட்டும் சொல்கிறேன்: அந்தக் குழம்பில் காது இருந்ததை நான் பார்க்கவில்லை. வெள்ளையோ கறுப்போ.

இப்போது மறுபடி அவன்தான் ஓட்டுகிறான். உச்சி வந்ததும் இடது கை தானாகக் கியருக்குப் போகிறது. அதனால் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறான். பாட்டு மட்டும் நிற்கவில்லை. போன வாரம் லிட்டருக்குப் பதினெட்டரை. நோவலெட்டைவிட அரை குறைவு. அதை அவனிடம் சொல்லிக் காட்டாமல் இருக்க எனக்குப் பெலன் கொடுக்கும்படி ஜெபிக்கிறேன். இதுவரை ஒருமுறைதான் தவறினேன்.

டிக்கெட் பணம் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது, நவம்பருக்குள் முழுசாகும். மாண்டிகோ பே விமான நிலையத்துக்கு எவரால்டே வந்து அழைத்து வருவான். துவரை காய்க்கும், கிறிஸ்துமஸ் பானம் போடுகிற சோரல் பூ சிவந்திருக்கும். வந்த பிறகு ஒருநாள் மலைக்குப் போவோம், நீ பின்னால் உட்கார், நான் நயோமியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருகிறேன், சட்டம் கிட்டம் பேசாதே, அந்த ஒரு இறக்கம் மட்டும்தான். ஸ்பர் ட்ரீ இறக்கத்தில் அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறுவதை அவளுக்குக் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு சொல்ல அங்கேயே கற்றுக்கொள்வாள்.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று மட்டும் தள்ளிப்போடாதே, கண்ணு. கிறிஸ்துமஸுக்கே வந்துவிடு. கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தால் எட்டுக் கட்டமும் எனக்கு இன்னும் தெரிகிறது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக வரத்தை.

வழி பார்த்திருக்கும்
உன் பாட்டி மர்ட்டெல்லா