பிரித்து வாசித்த ஜெபம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஆண்டவருக்கு எழுதி ஒட்டிக் கொடுத்த உறையை, வேத வசனம் ஒப்பிக்கச் சொல்லிக்கொடுக்கிற மனப்பாட டீச்சர் கிழித்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக வாசித்துவிட்டாள்.

பிள்ளைகள் அப்பா அம்மாவின் விசுவாசத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது, அவரவருக்கென்று ஒன்று வேண்டும் என்று போதகர் பிரசங்கம் செய்தார், நல்ல பேச்சு, நானே தலையாட்டினேன். அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் சொந்த வார்த்தையில் ஒரு ஜெபம் எழுதிக் கொடுக்க வேண்டும், வருஷக் கடைசியில் அவர்களே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. நான்கூடத் தொட மாட்டேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்தாள். பத்து வயதுப் பிள்ளை நம்பி எழுதியிருக்கிறாள். "இயேசப்பா, எங்க அம்மா அங்க யார் யாரையோ குளிப்பாட்டி விடுறாங்க. எனக்கு யாரு தலை பின்னுவா? நீங்க வேணும்னுதான் செய்றீங்கன்னு நினைக்கிறேன்." எப்படி ஜெபிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் மாதிரி என்றாளாம் டீச்சர். வகுப்பே சிரித்ததாம்.

நாற்பது வருஷமாக ஜெபம் என்று நான் பண்ணுவதெல்லாம் ஒப்பிப்புத்தான், எனக்குத் தெரியும். நம் வீட்டில் ஒருத்தர் மனசிலிருந்து எடுத்துச் சொன்ன முதல் ஜெபம் அந்தக் காகிதம். இப்போது சாயங்கால ஜெபத்தில் கண்ணை மூடுகிறாள், வாயைத் திறப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "இயேசப்பாகிட்ட சொன்னா எல்லார்கிட்டயும் போயிடும் தாத்தா" என்றாள்.

போன ஞாயிறு ஆராதனையில் டீச்சர் சபையின் வாராந்திர அறிக்கை வாசிக்க எழுந்தாள். ஆலயத்தின் மைக்கும் ஒலிபெருக்கியும் இத்தனை வருஷமாக என் கையில்தானே, அணைத்துவிட்டேன். மூன்றாவது வரிசைக்கு மேல் ஒரு சொல் போகவில்லை, மீன் மாதிரி வாயை வாயைத் திறந்தாள். போதகர் ஓடி வந்து, ஒயர் போயிடுச்சா அண்ணே என்றார். ஒயர் நல்லாத்தான் இருக்கு, ஆள்தான் சரியில்லை என்றேன். மன்னிக்கப் பழக வேண்டும் என்று ஆரம்பித்தார். மன்னிப்பே கேட்காதவளுக்கு எதைத் தூக்கிக் கொடுப்பது? எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன், மறந்துவிடாதே. டீச்சர் தன் சொந்த ஜெபம் ஒன்றை எழுதி, அதே பிள்ளைகள் முன்னால் நின்று வாசிக்க வேண்டும், ஒப்பித்தது செல்லாது. போதகர் மற்ற உறைகளைப் பிரிக்காமல் அந்தந்தப் பிள்ளை கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். மைக்கைத் திறக்க வேண்டியது நான், அது டீச்சர் வாசிக்கிற அன்றைக்குத்தான், முழுச் சத்தத்தில். நீ சனிக்கிழமை போன் பண்ணி, தலை பின்னுகிற கேள்விக்கு உன் வாயால் பதில் சொல்ல வேண்டும், அதை ஆண்டவர் தலையில் போடாதே. பிள்ளை ஒன்றும் செய்ய வேண்டாம். டீச்சரை மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்ல வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டிப் போகட்டும்.

இப்படிக்கு,
இறங்கி வராத உன் அப்பா